நிரலும் தரவும்: மென்பொருள் நூலகத்தையும் அதன் தரவையும் தனித்தனியே பதிப்பித்தல்

1.0 முன்னுரை

சொல்லடைவு தொகுத்தல், எழுத்துப்பிழை திருத்துதல், சொற்களைப் பகுதி, விகுதி எனப் பிரித்தல், மாணவர் கட்டுரைகளில் பயின்றுவரும் சொற்களைக் கணக்கிடுதல் முதலிய பணிகளுக்குத் தமிழாசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இன்று மென்பொருள்களைப் பயன்படுத்தி வருகின்றனர். இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டு கூறுகளால் ஆனவை. ஒன்று, செயலைச் செய்யும் நிரல். மற்றொன்று, அச்செயலுக்கு வேண்டிய அறிவைத் தாங்கி நிற்கும் தரவு. பிழைதிருத்தியில் சொல்லைத் தேடும் முறை நிரலாகும். தேடப்படும் சொற்பட்டியல் தரவாகும்.

இவ்விரண்டையும் ஒரே கட்டாக வெளியிடுவதா, தனித்தனியே பொதிந்து தனித்தனிப் பதிப்பெண் இட்டு வெளியிடுவதா என்னும் வினா, கணினித் துறையார் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வினாவினுள் மொழியாளர்க்குரிய வேறு மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. சொற்பட்டியலில் உள்ள பிழையை யார் திருத்த இயலும்? ஓர் ஆய்வேட்டின் முடிவைப் பின்வருவோர் எவ்வாறு சரிபார்ப்பர்? ஒரு மென்பொருள் வழக்கொழிந்த பின் அதற்காகத் தொகுக்கப்பட்ட மொழிச்செல்வம் என்னவாகும்? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, நிரலையும் தரவையும் பிரித்துப் பதிப்பிக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2.0 கலைச்சொல் விளக்கம்

கணினித் துறையில் ‘நூலகம்’ என்பது நூல்கள் உள்ள இடத்தைக் குறிப்பதன்று. பல மென்பொருள்களும் எடுத்தாளுவதற்கென்று எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் தொகுதியே நிரல் நூலகம் எனப்படுகின்றது. ஒரு செயலுக்கான நிரலை ஒவ்வொருவரும் புதிதாக எழுதாமல், முன்னரே எழுதப்பட்டதை அழைத்துப் பயன்கொள்ள இது வழிசெய்கின்றது.

‘பொதி’ என்பது ஒரு கணினியில் நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டப்பட்ட கோப்புகளின் தொகுதி. அதன் பெயர், பதிப்பெண், உரிமம், அதற்குத் துணையாக வேண்டிய பிற பொதிகள் ஆகிய விவரங்களும் அதனுள் இருக்கும். ‘பதிப்பெண்’ என்பது அப்பொதியின் குறிப்பிட்ட ஒரு நிலையைச் சுட்டும் அடையாளம். நூல்களின் முதற்பதிப்பு, திருத்திய இரண்டாம் பதிப்பு என்பவற்றோடு இதனை ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு. பதிப்பிக்கப்பட்ட பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் புதிய பதிப்பெண் இட வேண்டும் என்பது இத்துறையின் நன்னெறியாகக் கொள்ளப்படுகின்றது.

3.0 ஒரு சான்று: நேர மண்டலத் தரவுத்தளம்

நிரலும் தரவும் பிரிந்து நிற்பதற்கு மிகச் சிறந்த சான்று, உலகக் கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் சார்ந்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளமாகும். 1980களில் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய இப்பணியைப் பின்னர்ப் பால் எகர்ட் ஒருங்கிணைத்து வருகின்றார். 2011 அக்டோபர் முதல் ஐயானா எனப்படும் இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பு இதனை வெளியிட்டு வருகின்றது.

இத்தொகுப்பில் நிரலுக்கு ஒரு பொதியும் தரவுக்கு ஒரு பொதியும் தனித்தனியே கிடைக்கின்றன. தரவு, எவரும் படிக்கக்கூடிய எளிய வரிகளால் ஆனது. எந்த இடத்தில், எந்நாள் வரை, உலகப் பொது நேரத்தினின்று எத்துணை வேறுபாடு இருந்தது என்பதை அவ்வரிகள் கூறுகின்றன. நிரலோ அவ்வரிகளைப் படித்துக் கணக்கிடும் முறையை மட்டுமே அறியும்.

3.1 மலேசிய, சிங்கப்பூர் நேரம்

சிங்கப்பூர் நேரத்திற்கான வரிகளைப் பார்த்தால் தரவின் தன்மை விளங்கும். 1905ஆம் ஆண்டு முதல் அங்கு உலகப் பொது நேரத்தைவிட 7 மணி முன்னதான நேரம் வழங்கியது. 1933இல் அது 7 மணி 20 நிமிடமாயிற்று; 1941 செப்டம்பரில் 7 மணி 30 நிமிடமாயிற்று. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் தோக்கியோ நேரமாகிய 9 மணி திணிக்கப்பட்டது. போருக்குப் பின் மீண்டும் 7 மணி 30 நிமிடம் நடைமுறைக்கு வந்தது. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னகர்த்தப்பட்டு, 1982 ஜனவரி முதல் நாள் பிறந்ததாகக் கொள்ளப்பட்டது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடுத்துவதற்காக மலேசியா மேற்கொண்ட இம்மாற்றத்தைச் சிங்கப்பூரும் உடன் ஏற்றது.

‘சிங்கப்பூர் நேரம் காண 8 மணியைக் கூட்டுக’ என்னும் கட்டளையை ஒருவர் நிரலினுள்ளேயே எழுதிவிட்டால், 1982க்குப் பிந்தைய நாள்களுக்கு அது சரியாகவே இருக்கும். 1975இல் அனுப்பப்பட்ட ஒரு தந்தியின் நேரத்தைக் கணக்கிடும்போதோ அரைமணிப் பிழை நேரும். இதனைத் திருத்த நிரலறிந்தவர் ஒருவர் வேண்டும். அதே செய்தி தரவில் இருப்பின், அரசிதழைப் படிக்கத் தெரிந்த வரலாற்றாய்வாளர் ஒருவரே ஒரு வரியைச் சேர்த்துத் திருத்திவிடலாம்.

3.2 ஒரு வாரத்தில் மூன்று பதிப்புகள்

தரவு எவ்வளவு விரைவாக மாறக்கூடும் என்பதற்கு 2023 மார்ச்சு மாதம் லெபனானில் நிகழ்ந்ததைச் சுட்டலாம். அவ்வாண்டு மார்ச்சு 26ஆம் நாள் கோடைக்கால நேரம் தொடங்கவிருந்தது. நோன்பு மாதத்தை முன்னிட்டு அதனை ஏப்ரல் வரை தள்ளிவைப்பதாக ஓரிரு நாள்களுக்கு முன்னர்தான் அரசு அறிவித்தது. அவ்வறிவிப்பை ஒரு சாரார் பின்பற்றினர். மற்றொரு சாரார் ஏற்க மறுத்துப் பழைய நாளிலேயே கடிகாரத்தை மாற்றினர். ஒரே நாட்டில் இருவேறு நேரங்கள் வழங்கின. மார்ச்சு 27இல் அமைச்சரவை தன் முடிவை மாற்றிக்கொண்டது.

மார்ச்சு 22இல் 2023ஏ என்னும் தரவுப் பதிப்பு வெளிவந்திருந்தது. மறுநாள், லெபனானின் ஒத்திவைப்பைச் சேர்த்து 2023பி வெளிவந்தது. மார்ச்சு 28இல், அம்மாற்றத்தை நீக்கி 2023சி வெளிவந்தது. 2023சி பதிப்பின் நேர விதிகள் 2023ஏ பதிப்பின் விதிகளேயாகும். எனினும் பழைய பெயரை மீண்டும் வழங்காமல் புதிய பெயரே இடப்பட்டது. ஒருமுறை வெளியிட்ட பதிப்பெண் மீண்டும் வேறொரு வெளியீட்டைக் குறிக்கலாகாது என்னும் நெறி இதனால் காக்கப்பட்டது. எந்நாளில் எந்தத் தரவு வழக்கில் இருந்தது என்பதைப் பின்னால் வருவோர் ஐயமின்றி அறிய முடிகின்றது.

இவ்வாரத்தில் நேரத்தைக் கணக்கிடும் முறை மாறவேயில்லை. மாறியவை லெபனானைப் பற்றிய வரிகள் மட்டுமே. நிரலையும் தரவையும் ஒரே கட்டாக வைத்திருந்தால், ஒரு நாட்டின் ஓர் அறிவிப்புக்காக அக்கட்டு முழுவதையும் மூன்று முறை சோதித்து வெளியிட வேண்டியிருந்திருக்கும். பைத்தான் நிரல்மொழி 2020ஆம் ஆண்டு வெளிவந்த 3.9ஆம் பதிப்பில் கொண்டுவந்த ஏற்பாடு இவ்வுண்மையை உணர்ந்து அமைந்ததாகும். நேரக் கணக்கீட்டு நிரல் அம்மொழியின் பகுதியாக இருக்கின்றது. தரவை அது முதலில் இயங்குதளத்திடமிருந்து பெறுகின்றது. அங்கு இல்லையெனில் தனித் தரவுப் பொதியிலிருந்து பெறுகின்றது. அத்தரவுப் பொதியின் 2023.3 என்னும் பதிப்பெண், மேலே கூறிய 2023சி பதிப்பைக் குறிப்பதாகும். பைத்தானின் பதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

4.0 பிணைந்து நிற்பதன் விளைவு

இனி, தரவு பிரிக்கப்படாமல் பிணைந்து நிற்கும்போது நேர்வதைக் காண்போம். தமிழர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. யூனிகோடு எனப்படும் ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், தமிழ் உரைகள் பலவும் குறிப்பிட்ட ஓர் எழுத்துருவின் குறியேற்றத்தோடு பிணைந்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரை பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. எழுத்துரு என்னும் கருவி கைவிடப்பட்டபோது, அதில் தட்டச்சு செய்யப்பட்ட உரையும் எட்டாப் பொருளாயிற்று. குறியேற்ற மாற்றிகள் எழுதி அவ்வுரைகளை மீட்க வேண்டிய நிலை ஏற்பட்டதை ஆசிரியர் பலரும் அறிவர்.

ஒருங்குறியிலும் இதனை ஒத்த சிக்கல் வேறு வடிவில் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் பெயர், வகை, எண்மதிப்பு முதலிய பண்புகளை வரையறுக்கும் தரவுக் கோப்புகளை யூனிகோடு கூட்டமைப்பு பதிப்பெண்ணோடு வெளியிடுகின்றது. 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில் ‘ஶ’ என்னும் எழுத்தும் தமிழ் எண் சுழியமும் சேர்ந்தன. 2019இல் வெளிவந்த 12.0ஆம் பதிப்பில் ‘தமிழ்த் துணைத் தொகுதி’ என்னும் பெயரில் 51 குறிகள் சேர்ந்தன. முந்திரி, காணி, மா போன்ற கீழ்வாய் இலக்கங்களின் குறிகளும் பழைய அளவை, நாணயக் குறிகளும் இத்தொகுதியில் அடங்கும்.

பைத்தான் மொழியில் எழுத்துப் பண்புகளைக் கூறும் கூறு, தரவைத் தன்னுள்ளேயே பொதிந்து வைத்திருக்கின்றது. 3.7ஆம் பதிப்பில் இருப்பது ஒருங்குறி 11.0இன் தரவு, 3.8ஆம் பதிப்பில் இருப்பது 12.1இன் தரவு. ஆகவே, பழைய நிலக்கணக்கு ஒன்றில் வரும் முந்திரிக் குறியை 3.7ஆம் பதிப்பு ‘ஒதுக்கப்படாத இடம்’ என்றே கூறும், 3.8ஆம் பதிப்போ அதன் பெயரையும் 320இல் ஒரு பங்கு என்னும் மதிப்பையும் கூறும். 51 குறிகளை அறிந்துகொள்வதற்காக நிரல்மொழி முழுவதையும் மாற்ற வேண்டியதாகின்றது. அதனைத் தவிர்ப்பதற்கென்றே புதிய ஒருங்குறித் தரவைத் தரும் தனிப் பொதி ஒன்றையும் பிறர் உருவாக்கி வழங்கினர். பிரித்து வைக்கப்படாத ஒன்றைப் பயனர்கள் தாமே பிரித்துக்கொண்டதற்கு இது சான்றாகும்.

5.0 பதிப்பெண் இடும் முறைகள்

நிரலுக்கும் தரவுக்கும் ஒரே வகைப் பதிப்பெண் பொருந்துவதில்லை. நிரல் நூலகங்களுக்கு மூன்று எண்களாலான முறை பரவலாக வழங்குகின்றது. 2.4.1 என்பதில், முதலெண் மாறினால் பழைய பயன்பாடுகள் முறியக்கூடும் என்று பொருள். இரண்டாம் எண் மாறினால் புதிய வசதி சேர்ந்துள்ளது. பழையவை தொடர்ந்து இயங்கும். மூன்றாம் எண் மாறினால் பிழை மட்டுமே திருத்தப்பட்டுள்ளது. எண்ணே ஒரு வாக்குறுதியாக அமைவதால் இதனைப் ‘பொருளுடைப் பதிப்பெண்’ எனலாம்.

தரவோ பெரும்பாலும் காலத்தின் பதிவாகும். ‘இந்நாள் வரை நாம் அறிந்தது இது’ என்பதே அதன் உட்பொருள். எனவே ஆண்டையும் வரிசையையும் கொண்ட பெயர் அதற்குப் பொருந்துகின்றது. 2023சி என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே அது எவ்வளவு பழையது என்பது விளங்கிவிடும்.

இரு எண்களும் அருகருகே நடைபோடுவதை ஐ.சி.யு. என்னும் பன்மொழி நிரல் நூலகத்தில் காணலாம். நாள், எண், நாணயம் ஆகியவற்றை அந்தந்த மொழிமரபுக்கு ஏற்ப எழுதும் அந்நூலகம், சி.எல்.டி.ஆர். என்னும் பொது மரபுத் தரவுத்தொகுப்பைச் சார்ந்தது. 2023இல் வெளிவந்த ஐ.சி.யு. 74, சி.எல்.டி.ஆர். 44இன் தரவைக் கொண்டது. 2024இல் வெளிவந்த ஐ.சி.யு. 76, சி.எல்.டி.ஆர். 46இன் தரவைக் கொண்டது. தமிழ் என்னும் பொதுப்பிரிவில் இலக்கங்கள் 12,34,567 என இந்திய மரபில் பிரிக்கப்படுகின்றன. மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்னும் பிரிவுகளில் 1,234,567 எனப் பிரிக்கப்படுகின்றன. நிரல் ஒன்றே, மரபைக் கூறும் ஒரு வரியே வேறு. நம் வட்டார மரபு நிரலாளரின் நினைவை நம்பியிராமல் தரவில் தனக்கென ஓரிடம் பெற்றிருப்பது நோக்கத்தக்கது.

6.0 வடிவம் என்னும் உடன்படிக்கை

நிரலும் தரவும் பிரிந்தபின் அவற்றை இணைப்பது எது? தரவு எந்த வரிசையில், எந்தக் குறிகளுடன் எழுதப்பட வேண்டும் என்னும் வடிவமே அவ்விணைப்பு. அதனை இருதரப்பாரும் ஏற்ற உடன்படிக்கை எனக் கொள்ளலாம். உள்ளடக்கம் எத்துணை முறை மாறினும் நிரல் பாதிக்கப்படாது. வடிவம் மாறினால் பாதிக்கப்படும்.

2018 ஜனவரியில் இதற்கொரு சான்று தோன்றியது. அயர்லாந்தின் சட்டப்படி கோடைக்கால நேரமே அந்நாட்டின் இயல்பான நேரம்; குளிர்காலத்தில் ஒரு மணி குறைக்கப்படுகின்றது. இதனைச் சட்டத்திற்கு இயையப் பதிவு செய்யும் பொருட்டு, நேர மண்டலத் தரவில் முதன்முறையாகக் கழித்தல் மதிப்பு இடப்பட்டது. கடிகாரங்கள் காட்டும் நேரத்தில் எம்மாற்றமும் இல்லை. ஆயினும் கழித்தல் மதிப்பை எதிர்பாராத சில நிரல்கள் அத்தரவைப் படிக்க இயலாமல் நின்றன. அம்மாற்றம் விரைவில் திரும்பப் பெறப்பட்டது. பின்னர், ஒரே உள்ளடக்கத்தைப் புதிய நிரல்களுக்கு ஒரு வடிவிலும் பழைய நிரல்களுக்கு வேறொரு வடிவிலும் வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. உள்ளடக்கத்தின் பதிப்பெண்ணோடு வடிவத்திற்கும் ஒரு பதிப்பெண் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

மொழித் தொழில்நுட்பத்தில் ஸ்பேசி என்னும் நூலகம் இவ்வுறவைப் பதிப்பெண்ணிலேயே காட்டுகின்றது. அதன் மொழி மாதிரிகள் தனிப் பொதிகளாக வெளிவருகின்றன. மாதிரியின் பதிப்பெண்ணில் முதலிரு எண்கள், அது நூலகத்தின் எப்பதிப்போடு பொருந்தும் என்பதையும், மூன்றாம் எண் மாதிரியின் சொந்த நிலையையும் குறிக்கின்றன.

தரவு தரவாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வுடன்படிக்கையின் ஒரு கூறாகும். மொழியியல் மாணவர் பலர் பயன்படுத்தும் என்.எல்.டி.கே. நூலகத்தில், வாக்கியம் பிரிப்பதற்கான மாதிரிகள் நெடுங்காலம் ‘பிக்கிள்’ என்னும் வடிவில் இருந்தன. அவ்வடிவிலான கோப்பைத் திறக்கும்போதே அதனுள் மறைந்துள்ள கட்டளைகளும் இயங்கக்கூடும். இக்குறைபாடு 2024இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே வெளிவந்த 3.9ஆம் பதிப்பு, எளிய பட்டியல் வடிவிலான புதிய தரவுப் பொதிக்கு மாறியது. கண்ணால் படித்துச் சரிபார்க்கத்தக்க எளிய உரைவடிவே தரவுக்குப் பாதுகாப்பானது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

7.0 எது நிரல், எது தரவு? தமிழ்சார் நோக்கு

கோட்பாட்டளவில் எளிதாகத் தோன்றும் இப்பாகுபாடு, இலக்கணத்தைக் கையாளும்போது கடினமாகின்றது. சொற்பட்டியல் தரவு என்பதில் ஐயமில்லை. புணர்ச்சி விதி நிரலா, தரவா? இதற்கு விடைகாண நாம் முன்வைக்கும் உரைகல் ஒன்றுண்டு: ‘இது பிழைபட்டால் திருத்தத் தக்கவர் யார்?’ கணினியாளர் எனில் அது நிரல்; மொழியாளர் எனில் அது தரவு.

தமிழ் வினைச்சொற்களைப் பகுக்கும் ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். ‘செய்’ என்பது செய்தான் எனவும், ‘நட’ என்பது நடந்தான் எனவும், ‘படி’ என்பது படித்தான் எனவும், ‘வாங்கு’ என்பது வாங்கினான் எனவும் இறந்தகாலம் காட்டுகின்றன. எவ்வினை எவ்வகையைச் சேர்ந்தது என்னும் பட்டியல் தரவு. பட்டியலைப் படித்து, பகுதியோடு இடைநிலையையும் விகுதியையும் சேர்க்கும் செயல்முறை நிரல்.

புணர்ச்சியிலும் இவ்வாறே. நிலைமொழி, வருமொழி, அவற்றிடையே தோன்றும் எழுத்து ஆகிய மூன்றையும் கொண்ட அட்டவணையாக விதிகளை எழுதலாம். ‘பூ’ என்னும் சொல்லின் முன் வல்லினம் மிக்குப் பூக்கடை என வருதலும், மெல்லினம் தோன்றிப் பூங்கொடி என வருதலும் உண்டு. இச்செய்தியை நிரலின் கட்டளைகளுக்கிடையே புதைத்துவிட்டால், இலக்கணம் கற்ற ஆசிரியர் அதனைக் காணவும் இயலாது, திருத்தவும் இயலாது. அட்டவணையில் ஒரு வரியாக இருப்பின், அவரே அதன் நடுவராகின்றார்.

வட்டார வழக்குக்கு இம்முறை தரும் இடம் குறிப்பிடத்தக்கது. கம்போங், தாமான், லோரோங் போன்ற மலாய்ச் சொற்கள் மலேசியத் தமிழில் இடப்பெயர்களோடு இயல்பாக வழங்குகின்றன. ‘பெருவிரைவு ரயில்’ என்பது சிங்கப்பூரில் நிலைபெற்ற வழக்கு. பிறிதொரு நாட்டில் தொகுக்கப்பட்ட சொற்பட்டியல் இவற்றை அறியாதிருத்தல் குற்றமன்று. ஆனால் அப்பட்டியல் நிரலோடு பிணைந்திருந்தால், இச்சொற்கள் என்றும் சிவப்புக் கோடிடப்பட்ட பிழைகளாகவே மாணவர்க்குத் தோன்றும். தம் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் சொல்லைக் கருவி பிழையென்று காட்டும்போது, மாணவர் கருவியை ஐயுறுவதில்லை; தம் தமிழையே ஐயுறுகின்றனர். தரவு பிரிந்திருப்பின், மலேசிய, சிங்கப்பூர் வழக்குகளுக்கெனத் துணைப்பட்டியல் ஒன்றை இங்குள்ள ஆசிரியர்களே தொகுத்து, அதற்கெனத் தனிப் பதிப்பெண் இட்டு வெளியிடலாம். லிப்ரே ஆபிஸ் முதலிய மென்பொருள்களில் இயங்கும் ஹன்ஸ்பெல் என்னும் பிழைதிருத்தி, சொற்பட்டியலையும் ஒட்டு விதிகளையும் இரு தனிக் கோப்புகளில் வைத்திருப்பதால், அங்கேரிய மொழிக்கென எழுதப்பட்ட அந்நிரல் இன்று பல மொழிகளுக்கும் பயன்படுகின்றது.

8.0 பிரிப்பதன் இடர்கள்

பிரித்தல் எங்கும் நன்மையே தரும் எனக் கூறவியலாது. முதலாவது இடர், தரவு இல்லாமற் போதல். நிரலை மட்டும் நிறுவிய பயனர், தரவுப் பொதியை நிறுவ மறந்தால் எதுவும் இயங்காது. நேர மண்டலத் தரவு விண்டோசு இயங்குதளத்தோடு இவ்வடிவில் வாராமையால்தான் பைத்தான் மொழிக்குத் தனித் தரவுப் பொதி தேவைப்பட்டது. இரண்டாவது, பொருந்தாமை. பழைய நிரலும் புதிய தரவும் சந்திக்கும்போது அயர்லாந்துச் சான்றில் கண்ட சிக்கல் நேரலாம். ஆகவே, தனக்கு எவ்வடிவப் பதிப்பு வேண்டும் என்பதை நிரல் அறிவித்தலும், பொருந்தாதபோது தெளிவான செய்தியுடன் நிற்றலும் இன்றியமையாதவை. மூன்றாவது, சோதனைச் சுமை. இரு நிரற்பதிப்புகளும் மூன்று தரவுப் பதிப்புகளும் வழக்கில் இருப்பின் ஆறு இணைகளைச் சோதிக்க வேண்டும்.

எனவே சிறியதும் மாறாததுமான தரவை நிரலோடு வைத்தலே தகும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கூறும் பட்டியலைத் தனிப் பொதியாக்குவது வீண்முயற்சி. அடிக்கடி மாறுவதும், பிறரால் திருத்தப்படுவதும், பிற நிரல்களுக்கும் பயன்படுவதும் ஆகிய தரவையே பிரித்தல் வேண்டும்.

9.0 ஆய்வுலகின் பொறுப்பு

ஓர் ஆய்வேடு, ‘இத்தொகுப்பில் அடையாளம் காணப்படாத சொற்கள் நூற்றுக்கு எட்டு’ என்று கூறுவதாகக் கொள்வோம். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே உரையை அதே நிரலில் இட்டு ஐந்து எனக் காண்கின்றார். யாருடைய கணக்குச் சரி? இடையில் சொற்பட்டியல் விரிவடைந்திருந்தால் இருவர் கணக்கும் சரியே. பட்டியலுக்குப் பதிப்பெண் இல்லையெனில் இதனைத் தெளிவுபடுத்த வழியில்லை. முன்னவர் மீது வீண் ஐயமே எஞ்சும். ஆகவே நிரலின் பெயரும் பதிப்பெண்ணும், தரவின் பெயரும் பதிப்பெண்ணும் என நான்கையும் ஆய்வேட்டில் குறிப்பிடுதல் வேண்டும். பாட்டின் பாடவேறுபாட்டைச் சுட்டும்போது எப்பதிப்பிலிருந்து எடுத்தோம் எனக் கூறும் நம் பதிப்பு மரபுக்கு இது அயலானதன்று.

மொழித் தரவை வெளியிடும் துறைகளும் ஆசிரியர் குழுக்களும் பின்வருவனவற்றைத் தரவுப் பொதியில் சேர்த்தல் நலம்: எளிய உரைவடிவிலான பட்டியல், அதன் வடிவத்தை விளக்கும் குறிப்பு, பதிப்பெண், ஒவ்வொரு பதிப்பிலும் மாறியவற்றைக் கூறும் குறிப்பேடு, சொல் எங்கிருந்து பெறப்பட்டது என்னும் சான்று, பயன்பாட்டு உரிமம்.

இவற்றுள் உரிமம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2011இல் ஆஸ்ட்ரோலேப் என்னும் நிறுவனம், நேர மண்டலத் தரவிலுள்ள வரலாற்றுச் செய்திகள் தன் பதிப்புரிமைக்கு உட்பட்டவை எனக் கூறி ஓல்சன், எகர்ட் ஆகிய இருவர் மீதும் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் அவ்வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் தனிமனிதர் இருவரின் தோளில் உலகின் நேரக்கணக்கு நின்றிருந்தமையை அது வெளிப்படுத்தியது. தரவுக்கு உரிமமும் நிலையான காப்பகமும் நிரலுக்குரியவற்றினின்று தனியாக வரையறுக்கப்பட வேண்டும் என்பதற்கு இது தக்க படிப்பினை.

10.0 முடிவுரை

நிரலும் தரவும் வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு கைகளால் மாறுபவை. அவற்றைத் தனித்தனியே பொதிந்து, தனித்தனிப் பதிப்பெண் இட்டு, நிலையான வடிவத்தால் இணைப்பதே நேரிய முறை என்பது மேற்காட்டிய சான்றுகளால் பெறப்படுகின்றது. நிரல்கள் சில ஆண்டுகளில் பழமையடைந்து கைவிடப்படுதல் இயல்பு. வினை வகைப்பாடும் வட்டாரச் சொற்பட்டியலும் அவ்வாறு கைவிடத்தக்கவை அல்ல. அவை பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த மொழியறிவு. அவ்வறிவைத் தாங்கிய கருவி மறையும்போது அதுவும் உடன் மறையாதிருக்க, தனித்து நிற்கும் தரவுப் பொதியாக அதனைப் பதிப்பித்து வைத்தல் தமிழாய்வுத் துறைகள் இப்போதே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒரு பட்டியலும் ஒரு பதிப்பெண்ணும் மாற்றங்களைத் தவறாது குறித்துவைக்கும் ஒழுங்கும் இருந்தால் போதும்.